சொல்லாமலே தெரிந்தவர்கள்: நீங்கள் கண்ட ஆட்களைப் பகிருங்கள்

வெள்ளவத்தைக்காரி:
பிரசங்கிமார், பெரிய ஊழியக்காரர் வேண்டாம். அவர்களைப் பற்றிப் பேச மேடைகள் இருக்கின்றன. கடையில், பஸ்ஸில், வார்டில், பக்கத்து வீட்டில் நீங்கள் கண்டவர்களைச் சொல்லுங்கள். தாழ்மை, கீழ்ப்படிதல் என்று நாம் ஞாயிறுகளில் கேட்பதைத் திங்கட்கிழமை செய்துகொண்டிருந்தவர்கள். நானே தொடங்குகிறேன்.

பழைய சோனகத் தெருவில் ஒரு இரும்புச் சாமான் கடையில் கொஞ்சக் காலம் பில் எழுதினேன். அங்கே கணக்குப் பார்த்தவர் மானிப்பாய்ப் பக்கத்து ஐயா ஒருவர், தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர். முதலாளியின் மகனுக்கு அவருடைய பேரன் வயதுதான் இருக்கும். "ஐயா, பாங்குக்குப் போய்ட்டு வாங்க" என்றால் மத்தியான வெயிலில் கிளம்பிவிடுவார். நாட்டாமிமார் லொறியிலிருந்து சிமெந்து மூடை இறக்கினால் பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்தான். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. கடையில் எல்லோரும் அவரைப் பயந்த மனுஷன் என்றே வைத்திருந்தார்கள்.

ஒருநாள் மகன் இன்னொரு பில் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வரிக்குக் காட்ட ஒன்று, கடைக்கு ஒன்று. ஐயா அதைத் திறக்கவே இல்லை. "தம்பி, வேற என்ன வேலையெண்டாலும் சொல்லுங்கோ, செய்யிறன். இது என்னால ஏலாது." அவ்வளவுதான். குரல் உயரவில்லை, வசனம் எதுவும் எடுத்துவிடவில்லை. அடுத்த நாளே அவரை மேசையிலிருந்து கிளப்பி, பின்பக்கக் கிடங்கில் பெயின்ட் வாளி எண்ண விட்டார்கள். முகம் கோணாமல் போய் எண்ணினார். அந்தக் கடையில் ஸ்டொக் கணக்கு ஒழுங்காக இருந்தது அந்த நாட்களில் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

முகத்துவாரத்தான்:
அக்கா, பிறகு முதலாளி மனம் மாறி அவருக்குச் சம்பளம் கூட்டியிருப்பாரே? சாட்சிக் கூட்டங்களில் இப்படித்தானே முடியும்.

வெள்ளவத்தைக்காரி:
இல்லைத் தம்பி. அந்தப் புத்தகத்தை வேறொரு பொடியன் எழுதினான். ஐயா கிடங்கிலிருந்தபடியே வேலையிலிருந்து நின்றார். எனக்கும் அந்தச் சாட்சிகளில் சலிப்புதான். கீழ்ப்படிந்தால் காசு வரும் என்றால் அது வியாபாரம்.

கொட்டாஞ்சேனை மகன்:
நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் ஒழுங்கையில் ஒரு ஆன்டி இருக்கிறார், செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகிறவர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டில் அவருடைய தங்கையின் மகள் போய்விட்டாள். அதற்குப் பிறகு வந்த ஞாயிறு கோவில்களில் பூசை இல்லை, டிவியில்தான் பார்த்தோம். ஒழுங்கை முனையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் சில்லறைக் கடை. கடன் கொப்பி வைத்திருந்த வீடுகள்கூட அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டன. பொடியன்கள் சிலர் வேறு மாதிரியும் பேசிக்கொண்டு திரிந்தார்கள்.

ஆன்டி கறுப்புச் சாரியோடு பையை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போய்ப் பாண் வாங்கினார். வாங்கியதும் திரும்பவில்லை. எல்லோரும் பார்க்கும்படி வாசலில் நின்று, கடைக்காரரின் மனைவியோடு நெடுநேரம் கதைத்தார். வீட்டில் மகன்கள் சத்தம் போட்டார்கள். அவர் சொன்னது எங்கள் வீடுவரை கேட்டது: "பழிவாங்கக் கூடாதெண்டு கர்தினால் சொன்னவர்தானே. சொன்னாக் கேக்கணும்." கர்தினால் மல்கம் ரஞ்சித் அமைதியாக இருக்கச் சொன்னதை எல்லோரும்தான் கேட்டோம். தலையாட்டிவிட்டு மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தோம். அழுதுகொண்டே அதைச் செய்தவர் அந்த ஒழுங்கையில் அவர் ஒருவர்தான். கீழ்ப்படிதல் என்றால் சோம்பலான குணம் என்று யாராவது சொன்னால் அவரைக் காட்டுவேன்.

மட்டக்குளி நேர்ஸ்:
எனக்கு இந்த விஷயத்தில் யோசேவ் வாஸ் அடிகளார்தான் அளவு. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர். 1697இல் கண்டியில் அம்மை பரவி, நோயாளிகளை வீட்டாரே கைவிட்டுப் போனபோது, அவர்களைக் கழுவித் துடைத்துப் பார்த்தார். 2015 ஜனவரி 14 திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நானும் காலி முகத்திடல் கூட்டத்தில் நின்றேன். ஆனால் எங்கள் வார்டில் ஒரு அட்டெண்டன் அம்மாவைக் கண்ட பிறகுதான் அந்த அம்மைக் கதை எனக்கு உறைத்தது. புழு வைத்த புண்ணோடு தெருவிலிருந்து கொண்டுவந்த ஒரு ஆளுக்கு அவர் சவரம் செய்துவிட்டார். அது அவர் வேலையில் இல்லை. செய்யும்போது அந்த ஆளை "ஐயா" என்றே கூப்பிட்டார்.

பெயர் வேண்டாம்:
எல்லாம் வாசித்தேன். நல்ல கதைகள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த இரண்டு குணங்களையும் எனக்குப் படிப்பித்தவர்கள் வேறு நோக்கத்தோடு படிப்பித்தார்கள். கணவர் அடிப்பார். சபையில் மூப்பர் ஒருவரிடம் சொன்னேன். மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற எபேசியர் 5:22ஐக் காட்டி, அடங்கிப் போ, ஜெபம் பண்ணு என்றார். அதற்கு முந்திய 21ஆம் வசனம் எல்லோரையும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. அதை அவர் வாசிக்கவில்லை.

அதே சபையில் பாஸ்டரின் மனைவி. கூட்டத்தில் வாய் திறக்காதவர், கதிரை அடுக்குகிறவர். என் கன்னத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஓட்டோ பிடித்தார். நேரே பொலிஸில் பெண்கள், சிறுவர் பிரிவு. முறைப்பாடு எழுதும்வரை பக்கத்திலேயே இருந்தார். போகும் வழியில் மட்டும் சொன்னார்: "பிலிப்பியர் ரெண்டில யேசு தானாத்தானே தாழ்த்தினவர் பிள்ளை. ஒருத்தரும் அவரைப் பிடிச்சு அமத்தேல்ல." பிறகு மூப்பர்மார் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். அவர் யாரிடமும் தன் பக்க நியாயத்தை விளக்கப் போகவில்லை. என்னைத் தாழ்த்திவைக்கப் பார்த்தவர்கள் பலர். எனக்காகத் தன் மரியாதையை விட்டுக்கொடுத்தவர் அவர்.

முகத்துவாரத்தான்:
அக்கா, வாயடைத்துப் போனேன். எங்கள் தெருவிலும் ஒரு பிள்ளை இருக்கிறாள், இதே நிலைமை. பொலிஸ் முறைப்பாட்டுக்குப் பிறகு என்ன செய்தீர்கள்? லோயர் வைத்துத்தான் வழக்குப் போட வேண்டுமா?

பெயர் வேண்டாம்:
2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது தம்பி. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸும் விண்ணப்பிக்கலாம், என் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. அந்தப் பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள். உங்கள் அம்மாவைக் கூடப் போகச் சொல்லுங்கள்.