மொறுமொறு டாக்கோ வீட்டில் பொரித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருநகர்க்காரி:
போன சனிக்கிழமை நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. டாக்கோ என்றால் மக்காச்சோள ரொட்டியை மடித்து, உள்ளே கறியோ காயோ வைத்துத் தின்கிற மெக்சிகோ பண்டம், மொறுமொறு வகை என்றால் அந்த ரொட்டியை எண்ணெயில் பொரிக்க வேண்டும். மகன் கேட்டான், சரி வீட்டிலேயே பொரித்துத் தருகிறேன் என்று கடைக்குப் போய் கார்ன்ஃப்ளார் என்று போட்டிருந்த வெள்ளைப் பாக்கெட் இரண்டு வாங்கி வந்தேன். கார்ன் என்றால் சோளம், ஃப்ளார் என்றால் மாவு, இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது? தண்ணீர் விட்டுப் பிசைந்தால், அழுத்தும்போது கல் மாதிரி இறுகுகிறது, கையில் தூக்கினால் விரலிடுக்கில் ஒழுகுகிறது. வடைச்சட்டியில் எண்ணெய் ஒரு பக்கம் காய்ந்து புகைகிறது. அந்த நேரம் பார்த்து அத்தை அடுப்படிக்குள் வந்தார். மாவுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு போய் சட்னிக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அன்றைக்கே மறந்திருப்பேன்.

கீழமாசிவீதி பேச்சிலர்:
அக்கா, அது மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த ஸ்டார்ச். சூப்புக்கும் கோபி மஞ்சூரியனுக்கும்தான் ஆகும். நான் உங்களைவிட விவரம் என்று நினைத்துக்கொண்டு மஞ்சள் மக்காச்சோளத்தையே வாங்கி மில்லில் கொடுத்து அரைத்தேன். தட்டினேன், கல்லில் அழகாக வெந்தது, எண்ணெயில் போடலாம் என்று எடுத்து மடித்தால் நடுவில் டப்பென்று உடைந்தது. பன்னிரண்டு தட்டினேன், இருபத்து நாலு அரை நிலா கிடைத்தது. அதையே பொரித்து மிளகாய்த்தூள் தூவி நாச்சோஸ், அதாவது சோள சிப்ஸ், என்று சொல்லி அறைத் தோழர்களிடம் நீட்டினேன். எல்லாவற்றையும் தின்று முடித்துவிட்டு ஒருத்தன் கேட்டான், "டாக்கோ எப்போடா வரும்?"

உசிலம்பட்டி பேரன்:
இரண்டு பேரும் சுண்ணாம்பை விட்டுவிட்டீர்கள். மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சும்மா அரைப்பதில்லை, சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ராத்திரி முழுக்க ஊறவைத்து அப்புறம்தான் அரைப்பார்கள். அந்தச் சோளத்துக்கு நிக்ஸ்டமால் என்று பெயர். எனக்கு இது தெரிந்ததும் ஊருக்குப் போனபோது சித்தப்பா கோழித்தீவனத்துக்கு விற்க வைத்திருந்த மூட்டையிலிருந்து ஒரு கிலோ அள்ளினேன். சுண்ணாம்பு அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து. முதல் தப்பு, அலுமினியக் குண்டாவில் போட்டது. அரை மணி நேரத்தில் குண்டா உள்ளே கறுத்துப்போனது, சித்தி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். எல்லாவற்றையும் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றி மறுபடி முதலிலிருந்து.

காலையில் நானும் அப்பத்தாவும் கிணற்றடியில் உட்கார்ந்து அலசினோம். கையால் கசக்கினால் தோல் வழவழவென்று கழன்று தண்ணீரில் மிதக்கிறது. உள்ளே இருக்கும் சோளம் முதலில் இருந்ததைவிட நல்ல மஞ்சள். அப்பத்தா ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டு, "பொங்கலுக்கு வெள்ளையடிச்ச வீடு மாதிரி மணக்குதுடா" என்றது. அதற்குப் பிறகு நடந்தது பெரிய கதை இல்லை. தண்ணீர் குறைத்தால் கிரைண்டர் நின்றுவிடுகிறது, தண்ணீர் விட்டால் தோசைமாவாகிவிடுகிறது, கடைசியில் பழைய வேட்டியில் கட்டித் தொங்கவிட்டு வடிய வைத்தேன். எண்ணெய் தடவிய பால் கவரில் வைத்துத் தட்டினேன். மடித்தேன், உடையவில்லை. பொரித்ததில் நாலு கருகிவிட்டது, அது வேறு. ஆனால் டாக்கோவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அந்தக் கிணற்றடி வாசம்தான் வருகிறது.

ஓய்வுபெற்றவன்:
தம்பி, கோழித்தீவன மூட்டையிலிருந்து எடுத்தேன் என்று இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறீர்களே, படிக்கிறவர்கள் அப்படியே செய்து வைப்பார்கள். எனக்கு டாக்கோ செய்த அனுபவம் கிடையாது, மகள் வீட்டில் ஒரு தடவை சாப்பிட்டதோடு சரி. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். விதைக்கு விற்கும் மக்காச்சோளத்தில் மருந்து கலந்திருக்கும், அதை அடையாளம் காட்டத்தான் இளஞ்சிவப்பாகச் சாயம் ஏற்றியிருப்பார்கள், அதை அடுப்படிப் பக்கமே கொண்டுவரக் கூடாது. தீவனச் சோளத்திலும் பூஞ்சை இருக்கலாம், மனிதர் சாப்பிட விற்பதையே வாங்குங்கள். சுண்ணாம்பு என்றால் சுவருக்கு அடிப்பது இல்லை, அதில் நீலமும் இன்னும் என்னென்னவோ கலப்பார்கள். வாசனை போட்ட வெற்றிலைச் சுண்ணாம்பும் வேண்டாம். ஒரு கிலோ சோளத்துக்குப் பத்து கிராம் சுண்ணாம்பு, மூன்று லிட்டர் தண்ணீர், காலையில் நாலு முறை அலசல். சுண்ணாம்பு கூடினால் கசக்கும். அலுமினியம் கூடாது என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இதில் ருசி மட்டும் இல்லை. மக்காச்சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற சத்து சுண்ணாம்பில் வேகவைத்தால்தான் நம் உடம்பில் சேரும். ஐரோப்பாக்காரர்கள் மெக்சிகோ பக்கமிருந்து சோளத்தை மட்டும் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். அதையே மூன்று வேளையும் தின்ற ஏழைகளுக்குத் தோல் வெடித்துப் புத்தி பேதலிக்கும் பெல்லாக்ரா நோய் வந்தது. இன்னொன்று, கடையில் வாங்குகிற வளைத்துப் பொரித்த வெற்று ஓடு இருக்கிறதே, அது பரவியது அமெரிக்காவில். அப்படி மடித்துப் பொரிக்கும் கருவிக்கு நியூயார்க்கில் உணவகம் வைத்திருந்த ஹுவென்சியோ மால்டொனாடோ 1950-இல் காப்புரிமையே வாங்கியிருக்கிறார். மெக்சிகோ வீடுகளில் டார்ட்டியா என்ற மெத்தென்ற சோள ரொட்டிக்குள் கறியையோ உருளைக்கிழங்கையோ வைத்து மூடி, அதை அப்படியே பொரிப்பார்கள். டாக்கோஸ் டொராடோஸ் என்று பெயர்.

கீழமாசிவீதி பேச்சிலர்:
ஐயா, ஒரே ஒரு முறை சாப்பிட்டதற்கு இவ்வளவா?

விளாங்குடி அப்பா:
பெரியவர் சொன்ன அந்த உள்ளே வைத்துப் பொரிக்கிற வகையைத்தான் நான் செய்தேன், அதனால்தான் எழுதுகிறேன். சோளத்தோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை. விருதுநகரில் பரோட்டாவையே எண்ணெயில் பொரிக்கிறார்கள், சப்பாத்தியைப் பொரித்தால் என்ன? சப்பாத்திக்குள் மதியம் மிஞ்சிய மட்டன் சுக்காவை வைத்து மடித்துப் பல்குத்தும் குச்சியால் குத்திப் போட்டேன். முதல் இரண்டு அருமை. மூன்றாவதில் சட்டியின் அடியில் கிடந்த குழம்போடு சேர்த்து வழித்து வைத்துவிட்டேன். குச்சி கழன்று உள்ளே இருந்த ஈரம் எல்லாம் எண்ணெயில் இறங்கியது. நுரைத்துப் பொங்கி, சட்டி விளிம்பைத் தாண்டி வழிந்து, பர்னரில் பட்டுத் தீப்பிடித்தது. கேஸை மூடிவிட்டுத் தாம்பாளத்தைத் தேடித் திரும்பினால், என் எட்டு வயது மகள் செம்பு நிறையத் தண்ணீரோடு ஓடி வருகிறாள். "ஊத்தாதே!" என்று கத்தினேன். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் பட்டால் தீ எவ்வளவு உயரம் எழும்பும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? உதவிக்குத்தானே வந்தாள். அவளை அப்படி நான் கத்தியதே கிடையாது. செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். தாம்பாளத்தைக் கவிழ்த்ததும் தீ அணைந்துவிட்டது. அவள் மட்டும் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

மேலூர் மதினி:
அண்ணே, பிள்ளைகள் மறந்துவிடும், நாம்தான் மறக்க மாட்டோம்.
என் கதை சின்னது. வெற்று ஓடு பொரிக்கும்போது பூரி மாதிரி உப்பிக்கொண்டு மடங்கவே மாட்டேன் என்றது. எதிரே அம்மா கிருஷ்ண ஜெயந்திக்குத் தட்டை தட்டிக்கொண்டிருந்தார். முள்கரண்டியை எடுத்து என் மாவில் நாலு குத்துக் குத்தினார், தட்டைக்குக் குத்துவது மாதிரியே. ஆவி வெளியேற வழி கிடைத்ததும் அடங்கிக்கொண்டது. நான் அதற்கு முன்னால் ஏழு வீடியோ பார்த்திருந்தேன்!

திருநகர்க்காரி:
எல்லோருக்கும் நன்றி. தம்பி எழுதிய அந்த அப்பத்தா கதையை நேற்று அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை எழுந்து வந்தால் அடுப்படி மேடையில் சுண்ணாம்பு டப்பா இருக்கிறது. வெற்றிலை போட எடுத்து வைத்தாரா, வேறு எதற்குமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கிலோ மக்காச்சோளம் வாங்கி வந்துவிட்டேன்.