இறக்கிய நாகசுரப் பதிவுகள் பாதியில் நிற்கின்றன, சில திறக்கவே மறுக்கின்றன

கேள்வி: தோடிப்பிரியன்

அனைவருக்கும் வணக்கம். நிமிடத்துக்கு 78 சுழற்சி வேகத்தில் ஓடும் பழைய இசைத்தட்டுகளிலிருந்து எண்ம வடிவுக்கு மாற்றப்பட்ட நாகசுரப் பதிவுகளையும், சில முழுநீளக் கச்சேரிகளையும் ஓர் இணைய ஆவணத் தளத்திலிருந்து இறக்கிச் சேர்த்து வருகிறேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை நல்ல ஒலித்தரத்தில் கேட்க விரும்பித் தொடங்கியது, இப்போது பெரிய தொகுப்பாகிவிட்டது. கணினி விண்டோஸ் 10. அதனுடனேயே வரும் பாட்டு இயக்கியைத்தான் பயன்படுத்துகிறேன்.

கச்சேரிக் கோப்புகளில் சில 58 நிமிடம் என்று நீளம் காட்டிவிட்டு 31ஆம் நிமிடத்தில் ஓசையின்றி நின்றுவிடுகின்றன. எம்4ஏ வகைக் கோப்புகள் சில, வகை ஆதரிக்கப்படவில்லை அல்லது கோப்பு பழுதடைந்துள்ளது என்ற அறிவிப்போடு திறக்கவே மறுக்கின்றன. இசைத்தட்டின் ஒரு பக்க அளவேயான சிறிய எம்பி3 கோப்புகளிலும் சில இதே அறிவிப்பைத் தருகின்றன. நண்பர் ஒருவரிடமிருந்து வந்த பழைய கோப்புகளில் பாடல், ராகப் பெயர்கள் எல்லாம் படிக்க முடியாத ஐரோப்பியக் குறியெழுத்துகளாகத் தெரிகின்றன. ஜிப் கோப்பு ஒன்றைப் பிரித்தபோது சில பாடல்கள் விடுபட்டும் போயின. ஒலிக்கோப்பு வகைகளைப் படித்து இயக்க உதவும் கோடெக் மென்பொருள்களின் தொகுப்பு ஒன்றை நிறுவினால் எல்லாம் சரியாகும் என்று ஒருவர் சொன்னார். அது சரியான வழிதானா?

மறுமொழி: அலைவரிசை

வணக்கம். கோடெக் தொகுப்பை இப்போதைக்கு நிறுவ வேண்டாம். விண்டோஸ் 10 எம்பி3, எம்4ஏ, ஒலியை இழப்பின்றிச் சுருக்கும் ஃபிளாக் ஆகிய மூன்று வகைகளையும் தானாகவே இயக்கக்கூடியது. ஆகவே உங்களிடம் குறைவது கோடெக் அன்று. கோப்புகள் முழுமையாக வந்து சேரவில்லை என்றே நினைக்கிறேன். தேடலில் முதலில் வந்து நிற்கும் கோடெக் தொகுப்புத் தளங்களில் பல, வேண்டாத மென்பொருள்களையும் சேர்த்தே நிறுவிவிடுகின்றன.

முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். விநாடிக்கு 128 கிலோபிட் என்ற வீதத்தில் அமைந்த எம்பி3, நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 மெகாபைட் இடம் பிடிக்கும். 320 கிலோபிட் என்றால் 2.4 மெகாபைட். உங்கள் கச்சேரி 128 கிலோபிட் வீதத்தில் இருக்குமானால் 58 நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 56 மெகாபைட் இருக்க வேண்டும். அது 30 மெகாபைட் என்று காட்டினால், 31ஆம் நிமிடத்தில் நிற்பதில் வியப்பில்லை. அதற்குமேல் கோப்பில் இசையே இல்லை.

அப்படியானால் 58 நிமிடம் என்று ஏன் காட்டுகிறது என்ற ஐயம் எழும். பெரும்பாலான குறியாக்க மென்பொருள்கள் மொத்த நீளத்தைக் கோப்பின் தலைப்பகுதியிலேயே எழுதிவிடுகின்றன. ஃபிளாக் வடிவிலும் அப்படித்தான். தலைப்பகுதி முதலில் வந்துசேர்ந்துவிடுவதால், பின்பாதி வராமலேயே போனாலும் இயக்கி முழு நீளத்தைக் காட்டும். எம்பி3 என்பது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 26 மில்லிவிநாடி கொண்ட சிறுசிறு சட்டங்களின் வரிசை என்பதால், எங்கே அறுந்தாலும் அதுவரை கேட்க முடிகிறது. எம்4ஏ அப்படியன்று. எந்த இசைத்துண்டு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை பல கோப்புகளில் இறுதியில்தான் எழுதப்பட்டிருக்கும். அந்த இறுதிப்பகுதி வராவிட்டால் முன்னால் உள்ள இசை முழுவதும் இருந்தும் இயக்கியால் ஒரு விநாடியைக்கூட எடுக்க முடியாது. நீங்கள் தனித்தனியாக எழுதியுள்ள முதல் இரண்டு சிக்கல்களும் ஒரே காரணத்தால், அதாவது பதிவிறக்கம் நடுவில் அறுந்ததால், வந்தவை என்று இதனால்தான் கருதுகிறேன்.

திறக்காத சிறிய எம்பி3 கோப்புகள் வேறு கதை. மூன்று நிமிடப் பக்கம் 3 மெகாபைட் அளவில் இருக்க வேண்டும். சில கிலோபைட் மட்டுமே காட்டுமானால், அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். பாட்டாக இருந்தால் பொருளற்ற குறிகள் நிறைந்திருக்கும். ஹெச்டிஎம்எல் என்று தொடங்கும் படிக்கக்கூடிய வரிகள் தென்பட்டால், உங்களுக்கு வந்தது பாட்டன்று. நுழைவுப் பக்கமோ பிழை அறிவிப்புப் பக்கமோ எம்பி3 என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருக்கிறது. தளத்தில் உள்நுழைந்துவிட்டு, பாடல் பக்கத்திலிருந்தே மீண்டும் இறக்குங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் செய்யுங்கள். விண்டோஸ் இயல்பாகக் கோப்புப் பின்னொட்டுகளை மறைத்து வைக்கிறது. கோப்புலாவியின் காட்சிப் பகுதியில் அவற்றைத் தெரியும்படி மாற்றிவிடுங்கள். பெயரில் எம்பி3 என்று இருந்து, அதற்குப் பின்னால் இஎக்ஸ்இ என்று முடிந்தால் அது பாட்டே அன்று, ஒரு நிரல். திறக்காமல் அழித்துவிட வேண்டும்.

மறுமொழி: வடம்போக்கி

விஎல்சி இயக்கியை ஒருமுறை முயன்று பாருங்கள் என்பது என் கருத்து. வேண்டிய கோடெக்குகள் அதற்குள்ளேயே இருப்பதால் தனியே எதையும் நிறுவத் தேவையில்லை. சற்றுப் பழுதான கோப்பையும் அது தாண்டித் தாண்டி இயக்கிவிடும்.

மறுமொழி: அலைவரிசை

சோதிப்பதற்கு விஎல்சி மிக நல்லது என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் சேகரிப்பவருக்கு அது மட்டும் போதாது. பழுதைத் தாண்டி ஓடும் இயக்கியில் கேட்டுவிட்டு, கோப்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்தால், ஆலாபனையின் நடுவே சில விநாடிகள் விடுபட்டிருப்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெரியவரும். அதற்குள் மூலத் தளத்திலிருந்து அந்தப் பதிவு மறைந்தும் போயிருக்கலாம். ஆகவே காதை நம்பாமல் கணக்கை நம்புங்கள். பல ஆவணத் தளங்கள் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் பைட்டுகளைக் கொண்டு கணக்கிட்ட எஸ்ஹெச்ஏ-1 அல்லது எம்டி5 சரிபார்ப்பு எண்ணை வெளியிடுகின்றன. ஜிப் கோப்புகளைப் பிரிக்கும் 7-ஜிப் மென்பொருளை நிறுவியிருந்தால், கோப்பின்மேல் வலச்சொடுக்கி எஸ்ஹெச்ஏ-1 எண்ணைக் கணக்கிட்டு, தளத்தில் உள்ளதோடு ஒப்பிடலாம். அந்த எண்ணில் ஒரு எழுத்து மாறினாலும் கோப்பு வேறு என்று பொருள். ஃபிளாக் கோப்பில் மூல ஒலிக்கான எம்டி5 எண் உள்ளேயே பதிந்திருக்கும் என்பதால், தளத்தில் எதுவும் கொடுக்கப்படாவிட்டாலும் ஃபிளாக் கருவியின் சோதனை வசதியைக் கொண்டு சரிபார்க்க முடியும். இரண்டு வடிவங்களும் கிடைத்தால் நான் எப்போதும் ஃபிளாக்கையே பரிந்துரைப்பேன். இடம் கூடுதலாகப் பிடித்தாலும் ஒலியில் எதையும் இழப்பதில்லை.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

பெயர்கள் சிதைந்து தெரிவது பற்றி மட்டும் எழுதுகிறேன். எம்பி3 கோப்பின் இறுதியில் 128 பைட் அளவில் எழுதப்படும் பழைய ஐடி3 குறிப்பில், அதாவது பாடல் விவரக் குறிப்பில், பாடல் பெயருக்கு 30 பைட் மட்டுமே இடமுண்டு; எந்தக் குறியாக்கத்தில் எழுதப்பட்டது என்று குறிக்க அதில் வழியே இல்லை. ஒருங்குறி பரவுவதற்கு முன் நம்மவர்கள் திஸ்கி, தாம், தாப் போன்ற எட்டுபிட் குறியாக்கங்களில் எழுதினார்கள். அந்த எழுத்துருக்கள் இல்லாத கணினியில் அதே பைட்டுகள் ஐரோப்பிய எழுத்துகளாகத்தான் தோன்றும். பெயர்கள் அழிந்துவிடவில்லை, அந்தக் குறியெழுத்துகளை அப்படியே நகலெடுத்து, என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றினால் தமிழ் மீண்டு வரும். திஸ்கியில் வராவிட்டால் தாம், தாப் என்று மாற்றிப் பாருங்கள். பிறகு எம்பி3டேக் மென்பொருளில் ஐடி3 இரண்டாம் பதிப்பின் 2.3 வகையைத் தேர்ந்து சேமியுங்கள். 2.4 புதியதென்றாலும் பழைய இயக்கிகள் பல 2.3ஐத்தான் ஒழுங்காகப் படிக்கின்றன.

ஜிப் கோப்பில் பாடல்கள் விடுபட்டதற்கு நீண்ட பெயர்களே காரணமாக இருக்கலாம். விண்டோஸ் இயல்பாகக் கோப்புறைப் பாதையையும் பெயரையும் சேர்த்து 260 குறிகளுக்குள் அடக்க எதிர்பார்க்கிறது. ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியம் என்று எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதிவைத்த கோப்புகள் ஆழமான கோப்புறைக்குள் விழுந்தால் எல்லை தாண்டிவிடும். டி வட்டில் ஒரே எழுத்துப் பெயருள்ள கோப்புறையை உருவாக்கி, அதற்குள் 7-ஜிப் கொண்டு பிரித்துப் பாருங்கள்.

மறுமொழி: தோடிப்பிரியன்

அனைவருக்கும் மிக்க நன்றி. கச்சேரிக் கோப்பு 30 மெகாபைட்தான் இருந்தது. திறக்காத சிறிய கோப்புகளை நோட்பேடில் பார்த்தபோது நுழைவுப் பக்கத்தின் வரிகளே தெரிந்தன. உள்நுழைந்து இறக்கியதும் அவை ஒலிக்கின்றன. ஜிப் கோப்பும் முழுமையாகப் பிரிந்தது. திஸ்கியிலிருந்து மாற்றியதும் ராகப் பெயர்கள் தெளிவாகத் தெரிகின்றன.

ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. எங்கள் பகுதியில் இணைப்பு அடிக்கடி அறுவதால் பெரிய ஃபிளாக் கோப்புகள் மீண்டும் பாதியிலேயே நிற்கின்றன. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே இறக்குவதைத் தவிர வேறு வழி உண்டா?

மறுமொழி: அலைவரிசை

உண்டு. அந்தத் தொகுப்புக்குத் தளம் டோரண்ட் இணைப்பைத் தருகிறதா என்று பாருங்கள். டோரண்ட் முறையில் கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் வந்தவுடன் சரிபார்க்கப்படுகிறது; இணைப்பு அறுந்தால் விட்ட துண்டிலிருந்து தொடரும். ஏற்கெனவே பாதி இறங்கிய கோப்புகள் இருக்கும் கோப்புறையையே சேமிக்கும் இடமாகக் காட்டி, பெயர்களை மாற்றாமல், மறுசரிபார்ப்புக் கட்டளை கொடுத்தால், நல்ல துண்டுகளை வைத்துக்கொண்டு இல்லாதவற்றை மட்டும் இறக்கும். டோரண்ட் இல்லாவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியுள்ள பதிவிறக்க மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் நீங்கள் ஒருங்குறிக்கு மாற்றிச் சேமித்த கோப்புகளை அந்தக் கோப்புறையில் வைக்காதீர்கள். பெயர்க்குறிப்பு மாறினாலே பைட்டுகள் மாறிவிடும். டோரண்ட் அவற்றைப் பழுதென்று கருதி மேலெழுதிவிடும், எஸ்ஹெச்ஏ-1 எண்ணும் பொருந்தாது. முதலில் சரிபார்ப்பை முடித்து, மூலக் கோப்பை ஒரு கோப்புறையில் அப்படியே வைத்துவிட்டு, அதன் நகலில் மட்டும் பெயர்களைத் திருத்துங்கள்.