மூன்றாம் ஜார்ஜ் ‘மறுத்தாரா’, ‘மறுத்தானா’? அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைத் தமிழாக்குவதில் ஒரு சந்தேகம்

கேள்வி: வரலாற்று ஆசிரியை

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 1776ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மனிதர் எல்லோரும் சமம் என்று சொல்லும் முன்பகுதி சிரமமில்லாமல் வந்துவிட்டது. அதற்குப் பின் பிரிட்டிஷ் ராஜா மூன்றாம் ஜார்ஜின் மீது வரிசையாக அடுக்கப்படும் 27 குற்றச்சாட்டுகளில் மாட்டிக்கொண்டேன்.

அதை மறுத்தார், இதைத் தடுத்தார், சபையைக் கலைத்தார் என்று பட்டியல் நீள்கிறது. ராஜாவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை, பிரதிப்பெயர் மட்டும்தான். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழிலோ வினைமுற்றை எழுதும்போதே மரியாதை உண்டா இல்லையா என்று முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. 1765இன் முத்திரைச் சட்டம், 1767இல் கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் தேயிலைக்கும் போட்ட வரி, 1773இன் தேயிலைச் சட்டம் எல்லாமே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றியவை. பட்டியலில் நாடாளுமன்றம் என்ற சொல்லே இல்லை. எய்தவர்களை விட்டுவிட்டு ராஜாவை மட்டும் நோவானேன்? வரிதான் காரணம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். எண்ணிப் பார்த்தால் அது 17ஆவது இடத்தில் வருகிறது!

பதில் 1: புத்தகப்புழு

‘அவர்’ என்றே எழுதுங்கள். நம் பாடப்புத்தகங்களில் ஹிட்லரே ‘அவர்’தான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பதில் 2: மரத்தடி மனு எழுத்தர்

டீச்சரம்மா, நான் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்லன். முப்பத்தொரு வருடம் தாலுகா அலுவலக வாசலில் புங்கமரத்தடியில் பெஞ்சு போட்டு மனு எழுதிப் பிழைத்தவன். பேரனின் புத்தகத்தில் இந்தப் பிரகடனத்தைப் பார்த்ததும், அட, இது நம் தொழிலாயிற்றே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

மனுவுக்கு ஒரு முகம் உண்டு. யாருக்கு எழுதுகிறோமோ அவரை முன்னால் நிறுத்தி, ‘சமூகம் அவர்கள்’, ‘தாங்கள்’ என்று பேச வேண்டும். இந்த அமெரிக்கர்களும் முதலில் அப்படித்தான் எழுதினார்கள். 1775 ஏப்ரல் 19இல் லெக்சிங்டன் என்ற ஊரில் ராஜாவின் படைக்கும் காலனி ஆட்களுக்கும் இடையே துப்பாக்கி வெடித்து ஆட்கள் செத்தாயிற்று. அதற்குப் பிறகும் ஜூலையில் ஜான் டிக்கின்சன் வரைந்த சமாதான மனுவில், தங்களை மகாராஜாவின் விசுவாசமுள்ள பிரஜைகள் என்றே சொல்லிக்கொண்டார்கள். பின்னால் பிரகடனத்தை எழுதிய ஜெபர்சன், அந்தக் குழுவில் அவரோடு இருந்த ஆடம்ஸ், பிராங்க்ளின் மூவரின் கையெழுத்தும் அதில் உண்டு. மனு கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தது. ராஜா அதைக் கையில் வாங்கவே இல்லை. ஆகஸ்ட் 23இல் காலனிகள் கிளர்ச்சியில் இறங்கிவிட்டன என்று அறிவித்துவிட்டார். கொண்டுபோனவர்களுக்குக் கிடைத்த விளக்கம் என்ன தெரியுமா? அரியணையில் அமர்ந்து பெற்றுக்கொள்ளாத மனு என்பதால் அதற்குப் பதில் கிடையாதாம். இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். ‘தபாலில் ஏறவில்லை’ என்ற பதிலை நானும் கேட்டுப் பழகியவன்தானே.

ஒரு பாட்டிக்குப் பட்டா மாறுதலுக்காக ஒன்பது மனு எழுதினேன். எட்டு மனு வரைக்கும் அந்த அதிகாரியை ‘ஐயா’, ‘ஐயா’ என்றுதான் சொல்வார். ஒன்பதாவதும் போன இடம் தெரியாமல் போனதும் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தபடி, “இனிமேல் அவனுக்கு எழுதாதே. அவன் செய்ததை ஊருக்கு எழுது” என்றார். 1776 பிரகடனம் அந்தப் பத்தாவது காகிதம். ராஜாவிடம் அதில் எதையும் கேட்கவில்லை. அவரைப் பற்றி உலகத்தாரிடம் சொல்கிறார்கள். முன்னிலை போய்ப் படர்க்கை வந்துவிட்டது.

நாடாளுமன்றத்தை ஏன் சொல்லவில்லை என்றால், சொல்லக்கூடாது என்பதால்தான். ஒவ்வொரு காலனிக்கும் சொந்தச் சபை இருக்கிறது, எங்களையும் பிரிட்டனையும் இணைக்கும் கயிறு ராஜா ஒருவர்தான், லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எங்களுக்கு அந்நியர் என்பது இவர்கள் வாதம். 1766இலேயே நாடாளுமன்றம், எந்த விஷயத்திலும் உங்களைக் கட்டுப்படுத்த எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று சட்டம் போட்டு வைத்திருந்தது. நிலத் தகராறில் பாத்தியதை இல்லாதவனை எதிர்மனுதாரராகச் சேர்த்தால், அவனுக்கும் ஏதோ பங்கு இருப்பதாக நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால்தான் 13ஆவது குற்றச்சாட்டில் ராஜா ‘மற்றவர்களோடு’ கூட்டுச் சேர்ந்தார் என்று எழுதுகிறார்கள். அந்த ‘மற்றவர்கள்’தான் நாடாளுமன்றம். பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வரி, துறைமுகத்தை மூடியது, வீரர்களைத் தங்கவைக்கச் சொன்னது எல்லாம் அதன் கீழே கிளைகளாக வருகின்றன. வரி 17ஆவதாகப் போனதும் அதனால்தான். எழுதியவன் கெட்டிக்காரன்.

பிள்ளைகளிடம் நாலாவது குற்றச்சாட்டை விரித்துச் சொல்லுங்கள். சபைகளை வழக்கமில்லாத, வசதியில்லாத, ஆவணங்கள் இருக்கும் இடத்துக்குத் தொலைவான ஊர்களில் கூட்டி உறுப்பினர்களைக் களைப்படையச் செய்தார் என்பது புகார். மாசசூசெட்ஸ் சபையை 1769இல் பாஸ்டனிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேம்பிரிட்ஜுக்கு மாற்றினார்கள். 1772 வரை அங்கேதான். அதே 1772இல் தென் கரோலினா சபையைச் சார்ல்ஸ்டனிலிருந்து போஃபோர்ட் என்ற கடலோரச் சிற்றூருக்கு வரச் சொன்னார் ஆளுநர். துப்பாக்கியும் இல்லை, வரியும் இல்லை. வெறும் அலைக்கழிப்பு. ‘கோப்பு அந்த அலுவலகத்தில் இருக்கிறது, நீங்கள் இங்கே வாருங்கள்’ என்பதுதான். நடந்து செருப்புத் தேய்ந்தவனுக்கு இந்த வரி புரியும்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். 23ஆவதில், எங்களைத் தம் பாதுகாப்பிலிருந்து விலக்கியதன் மூலம் ராஜா இங்கே ஆட்சியைத் துறந்துவிட்டார் என்கிறார்கள். அதற்கு முன்னால் உள்ளவை ஆட்சியைப் பற்றிய குறைகள். அதற்குப் பின்னால் உள்ளவை போர்: கடலைக் கொள்ளையடித்தது, ஊர்களைக் கொளுத்தியது, ஜெர்மானியக் கூலிப்படையை அனுப்பியது. 22 வரைக்கும் ‘அவர்’, 24இலிருந்து ‘அவன்’. நானாக இருந்தால் அப்படித்தான் எழுதுவேன்.

பதில் 3: மொழிபெயர்ப்பில் இருப்பவள்

ஐயா, உங்கள் பாட்டி கதை மனத்தில் நிற்கிறது. ஆனாலும் மூலத்தில் இல்லாத மாற்றத்தை 24ஆவதில் புகுத்துவது மொழிபெயர்ப்பு ஆகாது, உரை எழுதுவதாகிவிடும். ராஜாவைக் கிழிக்க வேண்டுமென்றால் தாமஸ் பெய்ன் அதே 1776 ஜனவரியிலேயே தன் சிறு நூலில் மிருகம் என்று சொல்லிவிட்டார். ஜெபர்சன் அந்தத் தொனியை எடுக்கவில்லை. நிதானமாகக் குற்றம் சாட்டுவதில்தான் அந்த ஆவணத்தின் பலம் இருக்கிறது. கடைசி வரை ‘அவர்’ என்று போட்டால், 27 முறை மரியாதையோடு குற்றம் சாட்டுவதே ஒரு தனி உறைப்பு.

இதைவிடப் பெரிய கவலை 27ஆவதைப் பற்றியது. உள்நாட்டில் கலகம் தூண்டினார் என்று ஒரு வரி வருகிறது. அதன் பின்னணியையும் சொல்லிவிடுங்கள் டீச்சர். 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் ராஜாவின் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். அடிமைகள் விடுதலை தேடி ஓடியதுதான் இங்கே ‘கலகம்’ ஆகிறது. அடிமை வணிகத்தைக் கண்டித்து ஜெபர்சன் எழுதியிருந்த ஒரு பத்தியைக் காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் வெட்டியது. அவரிடமே அடிமைகள் இருந்தார்கள். பூர்வகுடிகளை அதே 27ஆவதில் இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு என்பதற்காக அந்தச் சொல்லை மழுப்ப வேண்டாம். மனு எழுத முடியாதவர்களும் அந்த 13 காலனிகளில் இருந்தார்கள்.

மரத்தடி மனு எழுத்தர்

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 27ஆவதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. பணம் கொடுத்து மனு எழுதிக்கொள்பவனின் குறைதான் மனுவில் ஏறும். என் பெஞ்சிலும் அதுதான் நடந்தது.

‘அவன்’ விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஜெபர்சன் கைப்பட எழுதிய வரைவில் ஓரிடத்தில் ‘சக பிரஜைகள்’ என்று ராஜாவுக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்ற பொருளில் எழுதி, மை காய்வதற்குள் தேய்த்து, அதன் மேலேயே ‘சக குடிமக்கள்’ என்று எழுதியிருக்கிறார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தார் 2010இல் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் அவனுக்கும் அவருக்கும் ஒரே சொல்தான் இருந்தது, பாவம். அவரால் மாற்ற முடிந்தது தன்னைக் குறிக்கும் சொல்லைத்தான்.

வரலாற்று ஆசிரியை

இருவருக்கும் நன்றி. கடைசி வரை ‘அவர்’ என்றே எழுதப்போகிறேன். 23க்குக் கீழே ஒரு கோடு போட்டு, இங்கிருந்து ‘அவன்’ என்று மாற்றலாமா என்ற கேள்வியைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுகிறேன். 27க்குத் தனியாக ஒரு வகுப்பு.

ஐயா, கடைசியாக ஒன்று. 10ஆவதில் ராஜா புதுப்புதுப் பதவிகளை உண்டாக்கி, மக்களைத் துன்புறுத்தி அவர்கள் பொருளைத் தின்ன அதிகாரிகளின் கூட்டத்தை அனுப்பினார் என்று வருகிறது. பூச்சிக் கூட்டத்துக்குச் சொல்லும் சொல் அது. ‘ஈசல் கூட்டம்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

மரத்தடி மனு எழுத்தர்

ஈசல் ஒரு ராத்திரியில் செத்துவிடும் டீச்சரம்மா. வெட்டுக்கிளி என்று போடுங்கள்.