சுற்றுச்சூழல் அறிவியல் இளங்கலை எடுக்கலாமா?

நொய்யல்கரை:
பிளஸ் டூ உயிரியல் பிரிவு முடித்துவிட்டேன். ஊர் சென்னிமலைப் பக்கம், ஒரத்துப்பாளையம் அணையை ஒட்டி எங்கள் அப்பாருக்குத் தோட்டம் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அப்படி ஒரு உப்பு. அதைப் பார்த்தே வளர்ந்ததால் பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க ஆசை. மாமா, "அது எல்லா டிகிரியிலும் ஒரு செமஸ்டர் வருகிற பாடம்தானே, அதைப் போய் மூணு வருஷமா?" என்கிறார்.

சாம்பிள்பாட்டில்:
மாமா சொல்வது எல்லோருக்கும் கட்டாயமான பொதுப் பாடம், தம்பி. இது வேறு. கெமிஸ்ட்ரி பிடிக்குமா என்று மட்டும் பாருங்கள். நான் இதே பட்டம் படித்துவிட்டுத் திருப்பூரில் ஆய்வகத்தில் இருக்கிறேன், நாள் முழுக்க டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் அளவு), சிஓடி (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன் அளவு), டைட்ரேஷன்தான். உங்கள் கிணற்றுக் கதையே பாடம்: இங்கே சாயப்பட்டறைகளில் துணியில் சாயம் ஏற உப்பை அள்ளிப் போடுவார்கள், சுத்திகரிப்பில் பாக்டீரியா கரிமக் கழிவைத் தின்னும், உப்பைத் தொடாது, அது தெளிந்த தண்ணீரோடு நொய்யல் ஆற்றுக்குப் போய், உங்கள் அணையில் தேங்கி நிலத்தில் இறங்கும். 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஆர்ஓ, ஆவியாக்கி வைத்து ஒரு சொட்டும் வெளியே விடாத முறை இறுகியது. இப்போது மிஞ்சும் கலப்பு உப்பை எங்கே கொட்டுவது என்பது அடுத்த தலைவலி, உங்களைப் போன்றவர்கள் வந்துதான் அதற்கு வழி சொல்ல வேண்டும்.

காவேரிக்கரையான்:
படிப்பு நல்லதுதானுங்க, கல்லூரியைப் பார்த்துச் சேருங்க. நான் படித்த இடத்தில் மூன்று வருடத்தில் ஒரே ஒரு முறைதான் வெளியே கூட்டிப்போனார்கள், கழிவுநீரைச் சோதிக்கிற பிஓடி இன்குபேட்டர் பூட்டியே கிடந்தது, வேலைக்கு வந்துதான் கற்றேன். நேரில் போய் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்க.

மேட்டுப்பாளையத்தாள்:
பி.எஸ்சி.யோடு நிற்க நினைக்காதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணிக்கு முதுகலை வேண்டும், உதவிப் பொறியாளர் என்றால் பொறியியல். பாரதியார் பல்கலையில் எம்.எஸ்சி. இருக்கிறது. காடு பிடிக்கும் என்றால் எங்கள் ஊர் வனக் கல்லூரியில் வனவியலும் இருக்கிறது.

நொய்யல்கரை:
கெமிஸ்ட்ரி பிடிக்கும் அண்ணா. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தால் பார்த்துச் சொல்வீர்களா?

சாம்பிள்பாட்டில்:
தாராளமாக. மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, அப்புறம் பிடியுங்கள். தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்கள்.