ஃபேன் சுற்றுகிறது, ஈரம் மட்டும் போகவில்லை: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

எங்கள் பிளாட் கொழும்பில், காலி வீதிக்குக் கடல் பக்கமாக, ஐந்தாம் மாடியில். பாத்ரூமுக்கு ஜன்னல் கிடையாது. சீலிங்கில் ஒரு எக்ஸோஸ்ட் ஃபேன் மட்டும். ஸ்விட்சைப் போட்டால் நல்ல சத்தத்தோடு சுற்றும். சத்தம் கேட்டதால் வேலை செய்கிறது என்றே மூன்று வருடம் நம்பியிருந்தோம்.

மே மாதம் மழைக்காற்று தொடங்கியதும் சீலிங் மூலையில் கறுப்புப் புள்ளிகள் வரும். துடைத்தால் பத்து நாளில் திரும்ப வரும். பாத்ரூம் சுவரை ஒட்டி நிற்கும் அலுமாரியில் சேலைகள் எல்லாம் பூஞ்சண மணம். மகளுக்குத் தொய்வு இருக்கிறது, அந்த அறையில் படுக்கும் இரவுகளில் அவளுக்கு இழுப்புக் கூடியது. பெயின்ட் இரண்டு தடவை அடித்தோம்.

கடைசியில் தெரிந்த எலக்ட்ரிக் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் பெட்டியைத் திறக்கவில்லை, முதலில் ஒரு டிஷ்யூ கேட்டார். ஃபேனைப் போட்டு கிரில்லுக்குக் கீழே பிடித்தார். ஒரு கணம் ஒட்டிக்கொண்டு கீழே விழுந்தது. கதவைத் திறந்து வைத்து மறுபடி பிடித்தார். கொஞ்ச நேரம் நின்றது, பிறகு அதுவும் விழுந்தது. “உள்ளே வரவும் வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை” என்றார்.

சீலிங் பலகையைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தோம். சுருங்கி விரியும் வெள்ளிக் குழாய் இரண்டு இடத்தில் மடிந்து கிடந்தது. அதன் முனை வெளிச்சுவர் வரை போகவேயில்லை, ஒரு முழத்துக்கு முன்னாலேயே டேப் கழன்று தொங்கியது. மூன்று வருடக் குளியல் ஆவி முழுக்கச் சீலிங்குக்கு மேலேயே போயிருக்கிறது. ஜிப்சம் பலகையின் மேல்பக்கத்தை அழுத்தினேன், ஊறிய பாண் போல விரல் உள்ளே இறங்கியது.

அந்தப் பலகைகளை மாற்றி, குழாயை 4 அங்குல பிவிசியாகப் போட்டோம். உள்சுவர் வழுவழுப்பாக இருப்பதால் காற்று தடைப்படாமல் போகிறது. வெளிப்பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் பூட்டினோம், குழாய்க்குள் ஆவி குளிர்ந்து தண்ணீரானாலும் ஃபேன் மோட்டர் பக்கம் திரும்பி வராது. வெளி முனையில் காற்றுத் திரும்பாமல் மூடும் தட்டு. கடல் உப்பில் சாதாரண இரும்பு துருப்பிடித்து இறுகிவிடும் என்பதால் அதையும் பிளாஸ்டிக்கிலேயே வாங்கினோம். உள்ளே காற்று வர வழி விட்டு, கதவின் அடியை முக்கால் அங்குலம் சீவினோம்.

ஃபேன் வாங்கும்போது கணக்குப் பாருங்கள். எங்கள் பாத்ரூம் 8 அடிக்கு 5 அடி, உயரம் 9 அடி, ஆக 360 கன அடி. மணிக்கு 8 தடவை காற்று மாற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 48 கன அடி இழுக்க வேண்டும். பெட்டியில் 50 என்று போட்டிருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அது பெரும்பாலும் குழாய் பூட்டாமல் அளந்த அளவு. ஒவ்வொரு வளைவும் அதைக் குறைக்கும். சுவரில் நேரே பூட்டுகிற இறக்கை ஃபேன் நீளக் குழாயில் மூச்சு வாங்கும், அதற்கு, கூட்டுக்குள் சக்கரம் சுற்றிக் காற்றைத் தள்ளும் புளோவர் வகைதான் சரி.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அக்கா, எங்கள் வீட்டில் இதே கதை குசினியில் நடந்தது. அம்மா மாதம் ஒரு தடவை மிளகாயும் மல்லியும் வறுத்துத்தான் தூள் இடிப்பிப்பார். அந்த நாளில் வீடே இருமும். அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் ஹூட் வாங்கிப் பூட்டினோம். அதன் வாய் 6 அங்குலம், சுவரில் ஏற்கெனவே இருந்த ஓட்டை 4 அங்குலம். பூட்ட வந்தவர் வாயைச் சுருக்கும் ஒரு ரெடியூசர் போட்டுச் சரிக்கட்டிவிட்டார். 6 அங்குலம் 4 ஆனால் மூன்றில் இரண்டு பங்கு காற்றுப் போகும் என்று நானும் நினைத்தேன். வட்டம் என்பதால் பரப்பு பாதிக்கும் கீழே போகிறது! சத்தம் காதைப் பிளந்தது, புகை பக்கவாட்டில் வழிந்தது.

பழைய சோனகத் தெருவில் 6 அங்குலக் குழாய் வாங்கி, ஓட்டையைப் பெரிதாக்கி, ரெடியூசரை எடுத்துவிட்டோம். முக்கியமான இன்னொன்று: பழைய குழாய் கட்டடத்தின் நடு வெளிச்சக் கூட்டுக்குள் திறந்திருந்தது. எங்கள் மிளகாய்ப் புகை மேல்மாடி அக்காவின் உடுப்புக் கொடிக்குப் போயிருக்கிறது. அவர் ஒரு நாளும் வாய் திறந்து சொல்லவில்லை. இப்போது தெருப் பக்கம் திருப்பிவிட்டோம். குழாய் போட முன் முனை யார் வீட்டைப் பார்க்கிறது என்று பாருங்கள். எண்ணெய் வடியும் வலையை நாங்கள் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கழுவுகிறோம்.

பம்பலப்பிட்டியிலிருந்து:

குசினி ஃபேன் பற்றி ஒரு வார்த்தை. காஸ் மணம் வந்தால் தயவுசெய்து அந்த ஸ்விட்சைத் தொடாதீர்கள். நாம் சமைக்கும் எல்பி காஸ் காற்றைவிடப் பாரம், தரையில்தான் படியும். மேலே இருக்கும் ஃபேன் அதை எடுக்காது, ஸ்விட்சில் வரும் பொறி மட்டும் போதும் பற்ற. ரெகுலேட்டரை மூடிக் கதவு ஜன்னல்களைத் திறங்கள். 2022 நெருக்கடியில் காஸ் இல்லாமல் பிளாட்டுக்குள் விறகு மூட்டினோம், 13 மணித்தியாலக் கரண்ட் வெட்டில் ஃபேனும் இல்லை. அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது எதிரெதிரே இருந்த இரண்டு ஜன்னல்கள்தான். ஃபேன் பூட்டுவதற்காக ஜன்னலை அடைக்காதீர்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அக்கா, ஒரு சந்தேகம். கொழும்பில் வெளிக்காற்றே ஈரம்தானே, மழை நாளில் ஃபேன் போட்டுப் பயன் உண்டா?

வெள்ளவத்தையிலிருந்து:

உண்டு தம்பி. சுடுதண்ணீரில் குளித்து முடித்த பாத்ரூம் காற்று மழைக்காற்றைவிட ஈரம். குளித்தபின் 20 நிமிடம் ஓடவிட்டால் அந்த ஆவி போய்விடும். ஆனால் அதை நாள் முழுக்க ஓடவிடாதே, அதிலும் பக்கத்து அறையில் ஏசி ஓடும்போது. ஃபேன் வெளியே தள்ளுகிற அளவு காற்று ஜன்னல் இடுக்குகளால் உள்ளே வந்தே தீரும். அந்த ஈரக் காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கும். எங்கள் அலுமாரி ஈரத்தில் பாதி அப்படி வந்ததுதான். இப்போது ஒரு டைமர் ஸ்விட்ச் பூட்டியிருக்கிறோம், தானாக நிற்கிறது. நேற்று மகளே டிஷ்யூ பிடித்துப் பார்த்தாள். கையை எடுத்த பிறகும் கிரில்லில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.