பாட்டியின் எண்பதுக்கு என்ன பானம்?

குழு: தெற்குத் தெரு வீடு

தம்பி (பெங்களூர்), காலை 8:12
எல்லோருக்கும் வணக்கம். பாட்டியின் எண்பதாம் பிறந்தநாளுக்குக் குளிர்பானம் என் பொறுப்பு. இங்கே சிறிய அளவில் கைப்படச் செய்யும் இயற்கை சோடா கிடைக்கிறது. இஞ்சி, எலுமிச்சை, நன்னாரி என்று மூன்று வகை. 250 மில்லி கண்ணாடிப் பாட்டில் 120 ரூபாய். 150 பாட்டில் சொல்லிவிடட்டுமா?

மதினி, 8:15
பதினெட்டாயிரம் ரூபாய்! அந்தப் பணத்தில் இன்னொரு பந்தி போடலாம்.

தம்பி (பெங்களூர்), 8:17
மதினி, பிள்ளைகளுக்குக் கோலா ஊற்றிக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். முழுக்க முழுக்க இயற்கை.

சித்தி, 8:20
⏩ பலமுறை பகிரப்பட்டது
கோலாவில் ஒரு பல்லைப் போட்டு வையுங்கள். காலையில் பல் இருக்காது!! அனைவருக்கும் பகிரவும்.

அத்தை, 8:31
முப்பது வருடம் வேதியியல் நடத்தியிருக்கிறேன்; இந்தப் பல்லும் என்னை விடாமல் துரத்துகிறது. ஒரே இரவில் பல் கரையாது. கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது, அடிக்கடி குடித்தால் பல்லின் எனாமல் தேயும், அது உண்மை. ஆனால் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பும் கோலாவுக்குக் குறைந்ததில்லை. அதற்காக எலுமிச்சையை யாரும் திட்டுவதில்லையே?

சித்தி, 8:32
எனக்கு வந்தது, அனுப்பினேன் அண்ணி.

அத்தை, 8:34
தம்பி, பாட்டிலின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. முன்பக்கத்து இலை, வேர் ஓவியம் எல்லாம் வேண்டாம்.

தம்பி (பெங்களூர்), 8:52
📷 படம்

அத்தை, 9:05
பார்த்தேன். 100 மில்லிக்கு 6.4 கிராம் சர்க்கரை. ஒரு பாட்டிலுக்கு 16 கிராம். கோக்கில் 100 மில்லிக்கு 10.6, அதே 250 மில்லிக்கு 26 கிராமுக்கு மேல். ஆக உன் சோடா ஓரளவு மேல்தான், ஒப்புக்கொள்கிறேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. பந்தியில் பாயசமும் இருக்கிறது, மறக்காதே.

இன்னொன்று. நன்னாரிப் பாட்டிலில் "இயற்கையை ஒத்த சுவையூட்டி" என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதே, கவனித்தாயா? ஆய்வகத்தில் செய்தது என்று அர்த்தம். மூலக்கூறு அதேதான், வேரிலிருந்து வந்ததில்லை.

தம்பி (பெங்களூர்), 9:07
கவனிக்கவில்லை அத்தை. 😐

அத்தை, 9:09
அதனால் கெடுதல் என்று சொல்லவில்லை. வேருக்குக் கொடுக்கும் விலையை அதற்குக் கொடுக்காதே என்கிறேன். இயற்கை என்றாலே ஆபத்தில்லை என்பதும் இல்லை. அமெரிக்காவில் ரூட் பீர் என்று ஒரு பானம். முன்பெல்லாம் சசாஃப்ராஸ் என்ற மரத்தின் வேர்தான் அதற்கு மணம். அந்த வேரில் உள்ள சாஃப்ரோல் எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் உண்டாக்குகிறது என்று தெரிந்து 1960இல் அந்நாட்டு அரசே உணவில் தடை செய்தது. அசல் வேர்தான் அதுவும்.

சித்தப்பா, 9:30
கடையில் கூட்டம், இப்போதுதான் பார்த்தேன். எதற்கு இவ்வளவு பேச்சு? பொவண்டோ இரண்டு கிரேடு இறக்கிவிடுகிறேன். காளிமார்க் 1916இல் நம் விருதுநகரில் தொடங்கியது. ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க வேண்டாம் என்று வணிகர் சங்கங்கள் சொன்னபோது நானும் நிறுத்தினேன். பிள்ளைகள் பொவண்டோவைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

அத்தை, 9:33
ஊர்ப்பாசத்துக்கு வாங்கு, நானும் குடிக்கிறேன். உடம்புக்கு நல்லது என்று மட்டும் சொல்லாதே.

மதினி, 9:40
நானே வீட்டில் இஞ்சி சோடா செய்து தரவா? இஞ்சி, சர்க்கரை, தண்ணீர் போதும். தானாகவே நுரைக்கும்.

நான், 9:41
மதினி, போன சித்திரையில் அடுக்களைச் சுவர் என்ன ஆனது என்று அண்ணனைக் கேட்கட்டுமா? 😂

மதினி, 9:43
மூடியை அன்றாடம் திறந்து காற்றை விட மறந்துவிட்டேன். வெடித்த சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் சிலிண்டர் என்று நினைத்து ஓடி வந்தார். இன்றைக்கும் கடிகாரத்துக்குப் பின்னால் இஞ்சி நார் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அத்தை, 9:46
இஞ்சித் தோலில் உள்ள ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. வாயு மட்டுமா, கொஞ்சம் ஆல்கஹாலும் வரும். மிகக் குறைவுதான். ஆனாலும் மாலை போட்டிருக்கும் மாப்பிள்ளைக்கு அதை யார் ஊற்றுவது?

பெரியப்பா, 10:20
எல்லாம் படித்தேன். இதற்குப் பேசாமல் நம் காலத்துக் கோலி சோடா, கலர் வைத்துவிடலாமே என்று யாராவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். சொல்வதற்குள் நானே ஒரு பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். படிப்பை விட்ட இரண்டு வருடம் நான் சோடா கம்பெனியில்தான் வேலை பார்த்தேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். கலரில் சர்க்கரை நாங்கள் போட்டதே இல்லை. சாக்கரின். சர்க்கரையைவிட ஏறத்தாழ முந்நூறு மடங்கு இனிப்பு, ஒரு சிட்டிகையில் வேலை முடிந்தது. பன்னீர் என்பது எசன்ஸ், ஆரஞ்சு என்பது எசன்ஸும் சாயமும். ஆரஞ்சுப் பழத்தை முதலாளி மகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் அங்கே பார்த்தேன்.

தம்பி (பெங்களூர்), 10:22
பெரியப்பா!! நீங்கள்தானே அந்தக் காலத்துக் கலரைப் போல வருமா என்பீர்கள்?

பெரியப்பா, 10:25
ருசியாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லையே.

சித்தப்பா, 10:27
அண்ணன் ஐம்பது வருடமாக இதை ஒளித்து வைத்திருக்கிறார்.

நான், 10:30
அப்படியென்றால் அத்தை காய்ச்சும் நன்னாரி சர்பத் ஒன்றுதான் வழி. அசல் வேர், எசன்ஸ் இல்லை.

அத்தை, 10:48
அதற்கும் கணக்குப் போட்டுவிட்டேன், கோபிக்காதீர்கள். ஒரு கிலோ சர்க்கரைக்கு 1.1 லிட்டர் பாகு வருகிறது. நான் ஒரு டம்ளருக்கு 30 மில்லி ஊற்றுவேன். 27 கிராம்! ஒரு டம்ளர் கோக்கைவிட என் சர்பத்தில் சர்க்கரை அதிகம். இத்தனை வருடம் உங்களுக்கெல்லாம் "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மதினி, 10:49
அத்தையும் மாட்டிக்கொண்டார்கள் 😂😂

அத்தை, 10:53
பாகைப் பாதியாக்குகிறேன். 15 மில்லி, அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, மீதிக்கு வெறும் சோடா. 14 கிராமில் நிற்கும். வேரைக் கூடுதலாகத் தட்டிப் போட்டால் மணம் குறையாது. வெனிலின் தெரியும் அல்லவா, வெனிலாவின் மணப்பொருள்? நன்னாரியின் மணப்பொருளில் உள்ள அணுக்களும் அவையேதான், அடுக்குமுறைதான் வேறு. அதனால்தான் வேரைக் கொதிநீரில் போட்டதும் வீடே ஐஸ்கிரீம் கடையைப் போல மணக்கிறது.

தம்பி (பெங்களூர்), 10:58
சரி, 150 பாட்டில் வேண்டாம். இஞ்சி சோடா மட்டும் ஒரு டஜன் கொண்டு வருகிறேன். அதில் அசல் இஞ்சிச் சாறுதான், படித்துவிட்டேன். காரம் தொண்டையில் நிற்கிறது.

நான், 11:15
பாட்டியிடம் படித்துக் காட்டினேன். பாட்டி சொன்னது அப்படியே: "எனக்குச் சர்க்கரை வியாதி. எனக்கு இவர்கள் செய்யும் எதுவும் வேண்டாம். கோலி சோடாவில் எலுமிச்சையும் உப்பும் போட்டு ஒன்று கொடுங்கள். பாட்டில் கோலி வைத்ததாக இருக்க வேண்டும்."

சித்தப்பா, 11:20
கோலிப் பாட்டிலை இப்போது எங்கே போய்த் தேட? சரி, பழைய பஸ் நிலையத்துப் பக்கம் ஒருவர் இன்னும் போடுகிறார். சொல்லி வைக்கிறேன். இரண்டு டஜன் போதுமா?

பெரியப்பா, 11:24
போதும். போடுவதை நேரில் பார்த்துவிட்டு வா. பாட்டிலைக் கவிழ்த்துப் பெட்டியில் வைத்துச் சுற்றுவார்கள். கோலி கழுத்துக்கு விழும், வாயுவின் அழுத்தம் அதை ரப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும். வேறு மூடி கிடையாது. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் கண்டுபிடித்த பாட்டில். ரப்பர் தேய்ந்திருந்தால் வாங்காதே, சப்பென்று இருக்கும்.

தம்பி (பெங்களூர்), 11:29
பெரியப்பா, சிறுவயதில் ஒருமுறை குடித்தேன். கோலி வந்து வந்து வாயை அடைத்துக்கொண்டது, சோடா வரவே இல்லை.

பெரியப்பா, 11:31
கழுத்தில் இரண்டு பள்ளம் இருக்கும். அந்தப் பக்கம் கீழே வரும்படி சாய்த்தால் கோலி அங்கே தங்கிவிடும். பாட்டிக்கு நான் ஊற்றிக் கொடுக்கிறேன், நீ தொடாதே.