குவாவாரின் படிகப் பனி: உள்ளிருந்து சூடு வருகிறதா?

வடமீன்:
குவாவார் நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் சிறு உலகம். அங்கே வெப்பநிலை சுமார் 50 கெல்வின்தான், அதாவது மைனஸ் 223 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் உறையும் நீரின் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்காமல் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஆனால் 2004ல் வானியலாளர்கள் டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும் அங்கே படிகப் பனியின், அதாவது மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிய பனியின் அடையாளத்தைக் கண்டார்கள்: அங்கிருந்து வரும் அகச்சிவப்பு ஒளி 1.65 மைக்ரான் அலைநீளத்தில் குறைந்திருந்தது. பனி அப்படிப் படிகமாக, ஒரு காலத்தில் 110 கெல்வினாவது தொட்டிருக்க வேண்டும். சூரியனின் புற ஊதாக் கதிரும் அண்டக்கதிர்களும் அந்த ஒழுங்கைக் கலைத்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு கோடி ஆண்டுக்குள் படிகம் அழிந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். அப்படியானால் புதுப் பனி அண்மையில்தான் மேலே வந்திருக்க வேண்டும். உள்ளே சூடு இருக்கிறது என்பதே என் முடிவு.

கல்மேடு:
கதிர் பனியைக் கலைக்கிறது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. சூரியனின் லைமன் ஆல்பா (ஹைட்ரஜன் உமிழும் ஒரு புற ஊதா ஒளி) ஒளித்துகள் ஒவ்வொன்றுக்கும் 10.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பை அறுக்க அதில் பாதி போதும். அறுந்தவை மறுபடி சேரும்போது பழைய இடத்தில் சேர்வதில்லை. 1990ல் கூச்சி, குரோடா என்ற ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் 70 கெல்வினுக்குக் கீழே இது நடப்பதைக் காட்டிவிட்டார்கள்.

ஆனால் எவ்வளவு ஆழத்துக்கு? புற ஊதா, மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு ஆழத்திலேயே நின்றுவிடும். நாம் பார்க்கும் 1.65 மைக்ரான் ஒளி அதைவிட மிக அதிக ஆழம் போகும். மேல் தோல் கலைந்தாலும் அடியிலுள்ள படிகம் நமக்குத் தெரியும்.

வடமீன்:
தோலுக்குக் கீழே அண்டக்கதிர் போகுமே! ஒரு கோடி ஆண்டுக் கணக்கில் அதுவும் சேர்ந்ததுதான்.

கல்மேடு:
சரி, புளூட்டோவின் பெரிய நிலவான சாரனைப் பாருங்கள். 2015ல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் போனபோது சாரனின் பரப்பெங்கும் படிகப் பனி. அங்குள்ள வல்கன் சமவெளி உள்ளிருந்து பொங்கிய பனி எரிமலைக் குழம்பால் நிரம்பியது என்பார்கள், உங்களுக்குச் சாதகம்தான். ஆனால் அதில் விண்கற்கள் மோதிய பள்ளங்களை எண்ணினால் வயது சுமார் 400 கோடி ஆண்டு. புதுப் பனி எங்கே வந்தது?

அதைவிட, நிக்ஸும் ஹைட்ராவும். இரண்டும் 50 கிலோமீட்டர் அளவுள்ள புளூட்டோவின் குட்டி நிலவுகள். அவற்றிலும் படிகப் பனி! அவ்வளவு சிறிய நிலவு உள்ளே சூட்டைத் தேக்கி வைக்க முடியாது.

மணல்வீடு:
இடையில் ஒன்று. வியாழனின் நிலவுகளைக் கலிலியோ விண்கலம் பார்த்தபோது, யூரோப்பாவில் மேல் தோல் பெரும்பாலும் ஒழுங்கற்ற பனி, காலிஸ்டோவில் படிகம். வியாழனின் காந்தப் புலத்தில் சிக்கிய துகள்கள் யூரோப்பாவைக் கடுமையாகத் தாக்குகின்றன, காலிஸ்டோவை அவ்வளவாக இல்லை. ஆகவே கலைப்பதும் சரிசெய்வதும் போட்டி போடுகின்றன. எது வெல்லும் என்பதை ஊருக்கு ஊர் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

வடமீன்:
நிக்ஸ், ஹைட்ரா என்னைத் தடுமாற வைத்துவிட்டன. சாரனை விட்டுவிடுகிறேன். ஆனால் கலைவதை ஈடுகட்ட அந்தக் குட்டி நிலவுகளில் ஏதாவது நடக்க வேண்டுமே. 50 கெல்வினில் பனி தானாகத் திரும்பிப் படிகமாகாது.

கல்மேடு:
நுண்கற்கள் மோதுகின்றன. ஒவ்வொரு மோதலும் ஒரு சிறு இடத்தை நொடிப்பொழுது சூடாக்கும், அடிப்பனியையும் புரட்டிப் போடும். உள்சூடே தேவையில்லை.

வடமீன்:
அந்த மோதல்கள் ஒரு கோடி ஆண்டுக்குள் முழுப் பரப்பையும் புரட்டுமா? அந்தக் கணக்கைக் காட்டுங்கள், குவாவாரையும் விட்டுவிடுகிறேன்.